பாசி விதைத்தவர்

அவரிடம் ஒரு பொருளைக் கொடுத்து வைத்தால் அது வைத்தது வைத்தபடியே இருக்கும். கோவில்பட்டியில் நாங்கள் குடியிருந்த வளவில் இதை அறியாதவர் இல்லை. நான்கு வீடுகளும் நடுவே ஒரு பொது முற்றமும் சேர்ந்தது அந்த வளவு. ஊருக்குப் போகிறவர்கள் சாவியை அவரிடம் கொடுத்தார்கள். அடைகாக்கும் கோழியைக் கூடையோடு கொடுத்தார்கள். கணவனுக்குத் தெரியாமல் சேர்த்த நகையைத் துணியில் முடிந்து கொடுத்தவர்களும் உண்டு. திரும்பி வந்து கேட்டால், உள்ளே போய் எடுத்துவந்து இரு கைகளாலும் நீட்டுவார். “பாத்துக்கிடுங்க, சரியா இருக்கான்னு” என்பார். நாம் முடிச்சை அவிழ்த்துப் பார்க்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டார்.

நான் திருமணமாகி அங்கே வந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீடு. நான் அவரை ‘அக்கா’ என்றேன். அவர் என்னைத் ‘தங்கச்சி’ என்றார். மற்றவர்கள் பிறந்த ஊரை வைத்து ‘நாகலாபுரத்தா’ என்று குறிப்பிட்டார்கள். அவர் பெயரைச் சொல்லி யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. பெயர் சொல்லி அழைக்கும் உரிமையுள்ள கணவர் வடக்கே இருந்தார். நாக்பூர்ப் பக்கத்தில் தீப்பெட்டி விற்பனை முகவர். ஆண்டுக்கு ஒருமுறை வருவார். சில ஆண்டுகளில் அதுவும் இல்லை.

கடைசி வீட்டில் இருந்தவர் ஒரு பேருந்து நடத்துநரின் மனைவி. கூர்மையான நாக்கும், அதைவிடக் கூர்மையான காதும் அவருக்கு. மகளின் பேறுகாலத்துக்காக அவர் மதுரைக்குப் போக நேர்ந்தபோது, புதிதாக வாங்கிய வண்ணத் தொலைக்காட்சியைப் பூட்டிய வீட்டில் விட்டுப்போக மனம் வரவில்லை. அக்காவின் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். இரண்டு மாதம் அது அங்கேயே இருந்தது. ஒருநாள் நான் அக்கா வீட்டுக்குள் போனபோது, தொலைக்காட்சியின்மேல் வெளுத்த வேட்டி ஒன்று போர்த்தியிருந்தது. அக்கா அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

“போட்டுப் பாக்கலாம்லாக்கா? பொழுதாவது போகும்.”

“போட்டுப் பாருன்னு சொல்லிட்டுப் போகலையே, தங்கச்சி.”

அதில் குறையோ குத்தலோ இல்லை. சொல்லப்பட்டதைச் செய்வது, சொல்லப்படாததைச் செய்யாதிருப்பது. அவருக்கு இவ்விரண்டுக்கும் நடுவில் வேறு இடமே இல்லை. நடத்துநரின் மனைவி திரும்பி வந்து செய்தியைக் கேட்டதும், நன்றி சொல்லவேண்டிய இடத்தில் சிரித்தார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “எல்லாரும் குடுத்து வச்சத எல்லாம் பத்திரமா வச்சிருக்கா. அவளை இங்கன குடுத்து வச்சுட்டுப் போன ஆளு மட்டும் திரும்பி வாங்க வரக் காணோம்.”

அந்த ஆண்டுகளில் வாஸ்து என்ற சொல் எங்கள் கடைத்தெருவில் புழங்கத் தொடங்கியிருந்தது. வாசலை மாற்றியவர்கள் உண்டு. அடுப்படியை இடித்துக் கட்டியவர்கள் உண்டு. நாக்பூரில் ஒரு சேட்டின் கடையில் மீன்தொட்டியைப் பார்த்துவிட்டு வந்த அக்காவின் கணவர், அதனால்தான் அந்த வியாபாரம் பெருகிற்று என்று நம்பிவிட்டார். மதுரையில் ஒரு கண்ணாடித்தொட்டி வாங்கி, வீட்டின் ஈசானி மூலையில் வைத்து, ஏழெட்டுப் பொன்மீன்களை விட்டார். அவற்றோடு கடைக்காரர் கொசுறாகக் கொடுத்த கரிய மீன் ஒன்றும் வந்தது. விரல் நீளம், சொரசொரத்த முதுகு, தலைக்குக் கீழே வட்டமான வாய். அந்த வாயைக் கண்ணாடியில் ஒட்டவைத்துக்கொண்டு அசையாமல் தொங்கும். தொட்டியில் படிகிற பாசியைத் தின்று சுத்தம் செய்கிற கெளுத்தி இனம் என்று சொன்னார்கள். அக்கா அதற்கு வைத்த பெயர் ‘பல்லி மீன்’.

கணவர் வடக்கே புறப்படுமுன் சொன்ன சொற்களை அக்கா பலமுறை என்னிடம் அப்படியே ஒப்பித்திருக்கிறார். பொன்மீன்களுக்குக் காலையிலும் மாலையிலும் ஒரு சிட்டிகை இரை. கண்ணாடியில் அழுக்கு நிற்கக்கூடாது. பல்லி மீனுக்கு ஒன்றும் போட வேண்டாம். அது பாசியைத் தின்று பிழைத்துக்கொள்ளும்.

மீன்கள் வந்த பிறகு அவர் வீட்டில் ஒரு புது வழக்கம் தோன்றியது. பல்லி மீன் பகலெல்லாம் தொட்டிக்குள் கவிழ்த்து வைத்த உடைந்த பானைக் கழுத்துக்குள் கிடக்கும். வெளிச்சம் மங்கினால்தான் வெளியே வரும். வளவில் எல்லா வீடுகளிலும் விளக்கேற்றுகிற அந்த நேரத்தில், அக்கா உள்ளறையில் மட்டும் விளக்கை ஏற்றிவிட்டு முன்னறையை இருட்டாக விட்டுவிடுவார். தொட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, மீன் பானையை விட்டு வருவதைப் பார்த்திருப்பார்.

“பொழுதடைஞ்சும் முன்வீட்டை இருட்டாப் போட்டு மூதேவியைக் கூப்பிடுதியே, இது என்ன பழக்கம்ட்டி?” என்று நடத்துநரின் மனைவி வாசலில் நின்று கேட்பார்.

“உள்ள விளக்கு வச்சிட்டேன், மதினி. இது கூச்சப்படுது.”

“மீனுக்குக் கூச்சமா! மதுரை மீனுல்லா, அப்படித்தான் இருக்கும்.”

அவர் போன பிறகும் அக்கா அந்த இருட்டில் உட்கார்ந்திருப்பார். எதிரே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நிழல் மெல்ல ஊரும். சில மாலைகளில் நானும் பக்கத்தில் உட்கார்ந்ததுண்டு. அந்த வீட்டில் அந்த வேளைக்கென்று வெளியே வருகிற உயிர் அது ஒன்றுதான் என்பதை மட்டும் நான் உணர்வேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வளவின் சொந்தக்காரரான அண்ணாச்சியின் மளிகைக்கடைக்கு நாக்பூரிலிருந்து தொலைபேசி அழைப்பு வரும். அக்கா முன்கூட்டியே போய்ப் பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் நின்றிருப்பார். தூரத்துக்குக் கேட்கவேண்டும் என்று கணவர் கத்துவதால், கடையில் நிற்கிற எவருக்கும் இரு பக்கப் பேச்சும் கேட்கும். நான் புளி வாங்கப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“ஒரு மீன் செத்துப் போச்சு.”

“போகட்டும், போகட்டும்! நமக்கு வரவேண்டிய கண்டம் அதோட போச்சு. நல்லதுதான்.”

பேச்சு முடிந்து அவர் திரும்பியபோது அண்ணாச்சி கேட்டார்: “என்ன தாயி, மூஞ்சி வாடிக் கெடக்கு?”

“ஒண்ணுமில்ல, அண்ணாச்சி. நல்லதுதானாம்.”

அதன்பின் மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. ஒவ்வொரு சாவையும் அவர் ஞாயிற்றுக்கிழமை வரை மனத்தில் வைத்திருந்து சொன்னார். ஒவ்வொரு முறையும் கணவர் மகிழ்ந்தார். இறந்த மீனைக் குப்பையில் போடாமல், வாசல் கறிவேப்பிலைச் செடியின் கீழே கரிசல் மண்ணைக் கிளறிப் புதைத்தார் அக்கா. கடைசிப் பொன்மீனும் செத்த வாரம் கணவர் கேட்டார்: “அப்ப ஒண்ணும் மிச்சமில்லையா?”

“பல்லி மீனு கெடக்கு.”

“அது கொசுறுல்லா? அதைக் கணக்குல சேக்காத.”

அன்று முதல் அந்தத் தொட்டியில் அதுமட்டும் இருந்தது. அதன் பிறகு சில வாரங்கள் கழித்து ஒரு மாலையில் அக்கா என் வீட்டுக்கு வந்தார். தம் தேவை என்று ஒன்றைச் சொல்லி அவர் எங்கள் படியேறியது அதுவே முதல்முறை.

“தங்கச்சி, கொஞ்சம் வந்து பாருங்க. வயிறு ஒட்டிக் கெடக்கு.”

போய்ப் பார்த்தேன். மீன் கண்ணாடியில் ஒட்டியிருந்ததால் அதன் அடிப்புறம் எங்கள் முகத்துக்கு நேரே தெரிந்தது. வயிறு குழிந்து, குழிந்த இடத்தில் தோல் சுருங்கியிருந்தது. கண்ணாடியோ பளிங்குபோல் இருந்தது. அக்கா தினமும் தேங்காய் நாரால் அதைத் தேய்த்துக் கழுவியிருந்தார். அழுக்கு நிற்கக்கூடாது என்று கணவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார் அல்லவா? பொன்மீன்கள் இருந்தவரை சிந்திய இரையை இது பொறுக்கித் தின்றிருக்கிறது. அவையும் போய்விட்டன, பாசியும் இல்லை.

“எதையாவது போட்டுப் பாருங்களேன், அக்கா.”

“ஒண்ணும் போட வேண்டாம்னுதான சொல்லிட்டுப் போனாவ.”

“செத்துப் போகுமே.”

கணவரின் சொல்லை மீறுவதா, கையில் கொடுக்கப்பட்ட உயிரை இழப்பதா என்ற இக்கட்டு அவருக்கு வெறும் மீன்விவகாரமாக இருக்கவில்லை. முகம் வெளிறியிருந்தது. வாழ்நாளில் கொடுத்து வைத்த பொருள் ஒன்றுகூட அவர் கையில் குறைந்ததில்லை. பொன்மீன்கள் குறைந்தன, ஆனால் அவை குறைந்தது நல்லது என்று அவற்றுக்கு உரியவரே சொல்லிவிட்டார். இது குறைந்தால் நல்லது என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அவர் கண்டுபிடித்த வழியை இன்று நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்கவில்லை. முற்றத்து மதில்மேல் மூன்று பழைய சட்டிகளை வரிசையாக வைத்தார். ஆழ்குழாயின் உப்புத்தண்ணீரை ஊற்றினார். ஒவ்வொன்றிலும் தட்டையான கற்களை அடுக்கி, நாளெல்லாம் வெயில் படும்படி விட்டார். சில நாளில் தண்ணீர் பச்சை காட்டியது. பின்னர்க் கற்களின்மேல் பாசி படர்ந்தது. பாசி பிடித்த கல்லைத் தொட்டிக்குள் இறக்கி, மீன் சுரண்டி வெறுமையாக்கிய கல்லை எடுத்து மீண்டும் சட்டியில் வைத்தார். இரை போடவில்லை, பாசியைத் தின்னும் என்று சொன்ன மீனுக்குப் பாசியை அருகில் கொண்டுவந்து வைத்தார், அவ்வளவுதான். கணவரின் சொல் அணுவளவும் மீறப்படவில்லை.

ஆனால் பாசி என்பது எங்கள் ஊரில் அருவருப்பும் அவமானமும் ஆகும். தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருவதே அரிது. வருகிற நாளைச் சொல்லமுடியாது. வந்தால் தெருவே வேலையை விட்டுவிட்டுக் குடங்களோடு ஓடும். பிடித்த நல்ல தண்ணீரை முற்றத்தின் அடியில் உள்ள பொதுத்தொட்டியில் சேர்த்து, இரும்பு மூடி போட்டு, அடுத்த முறை வரும்வரை நான்கு வீடுகளும் பங்கிட்டுக் குடித்தோம். அப்படிப்பட்ட இடத்தில் தண்ணீர்ப் பாண்டத்தில் பச்சை ஏறவிடுகிற பெண்ணை யார் விட்டுவைப்பார்கள்?

“கரிசக்காட்டுக்காரில்லா, சும்மா இருக்க முடியல. பாசி வெதைச்சிருக்கா!” என்றார் நடத்துநரின் மனைவி. “ஏட்டி, களையெடுக்க ஆள் வேணும்னா சொல்லு, நான் வாரேன்.”

“வாங்க மதினி. கூலி என்ன கேப்பிய?”

அக்கா பதிலுக்குக் கேலி பேசி நான் கேட்டது அன்றுதான். நடத்துநரின் மனைவி ஒருகணம் திகைத்து, பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அக்காவும் சிரித்தார். பல்லி மீனின் வயிறு நிமிரத் தொடங்கியிருந்த நாட்கள் அவை.

மீன் வளர்ந்தது. கற்கள் போதாமற்போன பிறகு, சமையலில் சீவிய வெள்ளரித்தோலையும் சுரைக்காய்த்தோலையும் நூலில் கட்டி, சிறு கல்லைத் தொங்கவிட்டு இறக்கினார். “தோலுதான, தங்கச்சி. இதை இரைன்னு சொல்லமுடியாது” என்று என்னிடம் விளக்கம் சொன்னார். நான் ஒத்துக்கொண்டேன். தொட்டியிலிருந்து கழிக்கிற தண்ணீர் கறிவேப்பிலைக்குப் போயிற்று. ஊற்றுகிற தண்ணீரில் முக்கால்பங்கு உப்புத்தண்ணீர். மீதிக் கால்பங்கு அவர் குடிக்கவேண்டிய பங்கு. ஆகவே எவரும் குறைசொல்ல இடமில்லை. இரண்டு ஆண்டுகளில் அது முழங்கையளவு நீண்டு, திரும்புவதற்கே தொட்டியின் அகலம் போதாமல் ஆயிற்று.

அதன் வளர்ச்சி அண்ணாச்சியின் கண்ணில் பட்டது. பொதுத்தொட்டியின் சுவர் வழவழத்துக் கிடக்கிறது, கொசுப்புழுவும் இருக்கிறது, இந்த மீனை அதற்குள் விட்டால் சுத்தமாக வைத்துக்கொள்ளுமே என்று அவர் எண்ணினார். மனிதர் கெட்டவர் அல்லர். உபயோகமில்லாமல் ஒரு பொருள் கிடப்பதைக் கடைக்காரராகிய அவரால் சகிக்கமுடியவில்லை.

“அந்த மீனைத் தொட்டிக்குள்ள விடுங்க, தாயி. நாலு வீட்டுக்கும் பிரயோசனம்.”

“அது அவிய மீனு, அண்ணாச்சி. என்கிட்ட குடுத்து வச்சுட்டுப் போயிருக்காவ. அவிய வந்து சொல்லட்டும்.”

அண்ணாச்சி பிறகும் இருமுறை கேட்டார். இருமுறையும் அதே விடை. வளவில் அக்கா யாருக்கும் எதையும் இல்லை என்று சொன்னதில்லை என்பதால், எல்லோரும் இதைச் சற்று வியந்து பேசிக்கொண்டார்கள்.

பங்குனியில் கணவர் வந்தார். வாட்டசாட்டமானவர், உரத்த குரல், வளவில் எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொண்டுவந்திருந்தார். நான்கு நாள் தங்கினார். முன்னறையின் மின்விளக்கு மாலை முழுதும் எரிந்தது. மீன் பானைக் கழுத்தில் நுழைய முடியாத பருமன் ஆகியிருந்ததால், தொட்டியின் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தது. அவர் அதைப் பார்த்து, “இது எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டாராம். கொசுறாக வந்த மீன்தான் என்று அக்கா சொன்னபோது நம்பவில்லை. “அது விரல் தண்டிதான இருந்துச்சு?”

மூன்றாம் நாள் அண்ணாச்சி முற்றத்தில் நின்று மீனைப்பற்றிப் பேச்செடுத்தார். நான் வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

“இதுக்குப்போயி என்னைக் கேக்கணுமா, அண்ணாச்சி? எடுத்துக்கிடுங்க. கண்ணாடித்தொட்டியையும் வித்திரலாம்னுதான் இருக்கேன். இப்ப வியாபாரம் நல்லாப் போகுது.” அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏட்டி, வாளியைக் கொண்டா.”

அக்கா மீனை வாளியில் ஏந்திக் கொண்டுவந்தார். இரு கைகளாலும் நீட்டினார். அண்ணாச்சி இரும்பு மூடியைத் தூக்கினார். அப்போது அக்கா கணவரிடம் தணிந்த குரலில் ஒன்று சொன்னார்:

“உள்ள இருட்டா இருக்குமே. இருட்டுல பாசி பிடிக்காது. மதிலு நிழல்ல நான் வச்ச கல்லு ஒண்ணுகூடப் பச்சையாகல.”

“அது பாட்டை அது பாத்துக்கிடும். நீ ஏன் கெடந்து பதறுத?”

வாளி கவிழ்ந்தது. கீழே தண்ணீரில் கனமான ஓசை ஒன்று எழுந்தது, மூடி விழுந்தது.

மறுநாள் அவர் வடக்கே போனார். “இந்தத் தடவையாவது கூட்டிட்டுப் போறாவளா?” என்று நடத்துநரின் மனைவி வண்டி வாசலில் நிற்கும்போதே கேட்டார். “ஒண்ணும் சொல்லல, மதினி” என்றார் அக்கா. தகரப்பெட்டி ஒன்று துடைத்து உள்ளறையில் தயாராக இருந்ததை நான் பார்த்திருந்தேன். அதை அவர் மறுபடி பரணில் ஏற்றவில்லை, கதவோரம் கிடந்தது.

காலையில் பொதுத்தொட்டியைத் திறந்து நான்கு வீட்டுக்கும் தண்ணீர் இறைக்கிற வேலையைத் தாமே செய்வதாக அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். எல்லோருக்கும் வசதியாயிற்று. எல்லோரும் போனபின் அவர் குனிந்து, கயிற்றில் கட்டிய பாசிக்கல்லை இறக்குவதைச் சில நாள் எவரும் கவனிக்கவில்லை. கவனித்தவர் நடத்துநரின் மனைவி.

“குடிக்கித தண்ணிக்குள்ள பாசிக்கல்லை எறக்குதியே, நாங்க மனுசரா மாடாட்டி?”

“கழுவித்தான் போடுதேன், மதினி.”

“கழுவினா அதுல பாசி எங்கன இருக்கும்?”

முற்றத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அக்கா பொய் சொல்லி நான் கேட்ட ஒரே தருணம் அது. அதுவும் இப்படிப் பிடிபட்டது. நடத்துநரின் மனைவி கேட்டதில் நியாயம் இல்லை என்று என்னாலும் சொல்லமுடியவில்லை. நானும் அந்தத் தண்ணீரைத்தான் என் குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி ஒரு பூட்டை வாங்கிவந்து மூடியில் மாட்டினார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு வீட்டையும் ஒருமுறை பார்த்தார். நெடுநாள் பழக்கம் அவரை எங்கே கொண்டுபோகுமோ அங்கேயே கொண்டுபோயிற்று.

“இந்தா தாயி, நீயே வச்சுக்க. வேற யார்ட்ட நான் நம்பிக் குடுக்க? காலைல தெறந்து விடு. கல்லு கில்லு மட்டும் போடப்பிடாது, ஆமா.”

அக்கா வாங்கி முந்தானை முனையில் முடிந்துகொண்டார். அதன்பின் அவர் ஒரு கல்லும் இறக்கவில்லை என்பதை நான் அறிவேன். மதில்மேல் சட்டிகள் வற்றின. கற்களில் பாசி காய்ந்து கருகிப் பொருக்குத் தட்டியது. ஒவ்வொரு காலையும் மூடியைத் திறந்து, குனிந்து, நெடுநேரம் உள்ளே பார்ப்பார்.

“இருக்காக்கா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“முதுகு தெரியுது.” இன்னும் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “வயித்தப் பாத்தாத்தான் சொல்லமுடியும், தங்கச்சி. இங்கேருந்து வயிறு தெரியாது.”

வெயில் முற்றியது. குழாயில் தண்ணீர் வராத நாட்கள் நீண்டு, பொதுத்தொட்டியில் தண்ணீர் முழங்கால் மட்டத்துக்கு இறங்கியது. அப்படியொரு மாலையில் அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினார். கொடுத்து வைத்தவர்கள் கேட்காமலேயே எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார். நான் பேறுகாலத்துக்குத் தாய்வீடு போனபோது கொடுத்து வைத்து, பிறகு கேட்க மறந்துபோன எலுமிச்சை ஊறுகாய் ஜாடி என்னிடம் வந்தது. வாய்கட்டிய துணி புதிது. உள்ளே கிளறிவிட்டுக் கிளறிவிட்டு ஊறுகாய் கறுத்துப் பழுத்திருந்தது.

“பாத்துக்கிடுங்க, சரியா இருக்கான்னு.”

“ஊருக்குப் போறியளாக்கா?”

“இருக்கதைக் குடுத்துருவோம்னு வந்தேன்.”

கடைசி வீட்டில் நடத்துநரின் மனைவியின் குரல் பதறியது எனக்குக் கேட்டது. “என்னட்டி இது, கோவமா? நான் வாய்ப்பேச்சுக்குச் சொன்னதை எல்லாம் மனசுல வச்சுக்கிட்டா அலையுத?”

“கோவமெல்லாம் இல்ல, மதினி. உங்க வீட்டுச் சாவியைப் பிடிங்க.”

விடிந்து நான் கோலமிடக் கதவைத் திறந்தபோது, என் வாசற்படியில் ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. அடியில் இரண்டு சாவிகள். ஒன்று அவர் வீட்டுச் சாவி, மற்றது பொதுத்தொட்டியுடையது. இரும்பு மூடியின் பூட்டு ஒழுங்காகப் பூட்டியிருந்தது. அங்கிருந்து அவர் வாசல்வரை முற்றத்தில் ஈரக்கால் தடங்கள் காய்ந்துகொண்டிருந்தன. கொடியில் முழங்காலுக்குக் கீழே சேறுபட்ட ஒரு சேலை, அலசிப் பிழியப்பட்டு, சொட்டிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி மூடியைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். நான்கு மூலையும் பார்த்துவிட்டு எழுந்தார். “பூட்டை உடைச்சுக் களவாண்டிருந்தாக்கூட என் மனசு ஆறும். நான் குடுத்த சாவியை வச்சுல்லா தெறந்திருக்கா!” என்றார். மீன் போனதைவிட அவரை வாட்டியது அதுதான். அன்று கடையை அவர் நேரங்கழித்தே திறந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி மணி அடித்தபோது அவரே எடுத்து நடந்ததைச் சொன்னார். மறுமுனையிலிருந்து, “வீட்டுச் சாவி யார்ட்ட இருக்கு?” என்று கேட்கப்பட்டதாம்.

அந்தச் சாவி என்னிடம் இருந்தது. நாங்கள் வளவை விட்டுக் குடிபெயரும்வரை அதை வாங்க எவரும் வரவில்லை. புறப்படுகிற நாளில் அண்ணாச்சியிடம் கொண்டுபோய் நீட்டினேன். என்னையறியாமல் இரு கைகளாலும் நீட்டியிருந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறந்த ஊரான நாகலாபுரத்தில் அக்கா என்ன ஆனார் என்பது எனக்குத் தெரியாது. அந்த ஊர்க் கண்மாயில் அந்த ஆண்டு தண்ணீர் இருந்ததா என்பதும் தெரியாது. நான் அறிந்தது அவர் போன காலையின் செய்தி மட்டுமே; அதுவும் நடத்துநர் வழியாக வந்தது. எட்டயபுரம் வழியாகப் போகிற முதல் பேருந்தில் அன்று அவர் பணியில் இருந்தார். மாலையில் வீடு திரும்பி மனைவியிடம் சொன்னதை, மனைவி என்னிடம் சொன்னார்.

சன்னலோரத்து இருக்கையில் அக்கா உட்கார்ந்திருந்தார். காலடியில் தகரப்பெட்டி. மடியில் அகன்ற வாயுள்ள அண்டா ஒன்று, ஈரத்துணியால் மூடி, இரு கைகளாலும் அணைத்தபடி.

“என்ன தங்கச்சி, அண்டாவுல என்ன?” என்றாராம் நடத்துநர்.

“தண்ணி, அண்ணே.”

“கோயில்பட்டிலேருந்து நாகலாபுரத்துக்குத் தண்ணி கொண்டு போறியா! நல்லாத்தான் இருக்கு.” பேருந்தே சிரித்திருக்கிறது.

அப்போது அண்டாவுக்குள் ஏதோ புரண்டு, துணி எழும்பி, தண்ணீர் தெறித்து அவர் சேலையெல்லாம் நனைந்தது. நடத்துநர் குனிந்து துணியின் ஓரத்தை விலக்கிப் பார்த்தார். வளவின் பேச்செல்லாம் மனைவி வாயால் அவருக்குத் தெரியும். அண்ணாச்சியின் தொட்டிக்குள் விட்ட மீன் என்று அறிந்துகொண்டுதான் கேட்டாராம்:

“இது யாரு மீனு, தங்கச்சி?”

அக்கா துணியை இழுத்து மறுபடியும் மூடினார். விளிம்பைச் சுற்றி நன்றாகச் செருகினார்.

“என்னுது” என்றார்.